மெத்தைக்காரருக்குத் தூக்கம் வரவில்லை

எங்கள் தெருவில் மெத்தைக்காரர் தூங்கிப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டதென்று முதலில் கண்டுபிடித்தவன் நான். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவருடைய கடைக்கும் என் பூட்டுக்கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அவர் தும்மினால் என் பக்கத்துச் சாவிகள் கலகலக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து வரவேண்டிய குறட்டை பத்தொன்பது நாளாக வரவில்லை. அந்தக் குறட்டையைக் கேட்டபடி கண்ணயர்வதுதான் என் வழக்கம். ஆகவே எனக்கும் தூக்கம் போயிற்று. அடுத்தவர் துன்பத்தை நான் உணர்வது பெரும்பாலும் இப்படித்தான், அது என் சௌகரியத்தில் கை வைக்கும்போது.

எட்டிப் பார்த்தேன். விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளில் மனிதர் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கம் புரள்வார், இடப்பக்கம் புரள்வார், எழுந்து அடுத்த மெத்தைக்குப் போவார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மெத்தை நன்றாக இருக்குமா என்று அந்தப் பையன் கேட்டான். இவர் படுத்தபடியே, "எனக்கு வரல தம்பி. உங்களுக்கு வருதான்னு பாருங்க" என்றார். அவர்கள் பாய் வாங்கப் போய்விட்டார்கள்.

அந்த மாதம் முழுக்கக் காற்று. மழையைக் கொண்டுவராமலும் வெயிலை விடாமலும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்த வறட்டுக் காற்று. பஞ்சு அடிக்கிற மெஷினைப் போட்டால் பஞ்சு கடையில் நிற்காது. பறந்து வந்து என் பூட்டுத் துவாரங்களில் குடியேறும். டீ குடித்தால் டீயில் பஞ்சு. பேசினால் வாயில் பஞ்சு. தெருவில் எல்லாருக்கும் லேசாகக் கோபம் வந்துகொண்டே இருந்தது, யார்மீது என்று தெரியாமல்.

அவர் துக்கத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். ஒரே மகள் கன்னியர் மடத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகப்போகிறது.

மெத்தைக்கு முடிச்சுப் போடுகிற வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சை நிரப்பி உறையை மூடினால் மட்டும் மெத்தை ஆகிவிடாது. பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிக் குவிந்துவிடும். அது நின்ற இடத்தில் நிற்க, ஒரு முழ நீள ஊசியை மேலிருந்து கீழே குத்தி, கீழிருந்து மேலே வாங்கி, இழுத்து இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மெத்தைக்காரர் மெத்தையை இரண்டு மரச்சட்டங்களின் மேல் கிடத்தி மேலே நிற்பார். மகள் கீழே மல்லாந்து படுத்திருப்பாள், உள்ளங்கையில் ஊசி குத்தாமலிருக்கக் கைத்தோல் என்கிற தடித்த தோல்பட்டையைக் கட்டிக்கொண்டு. ஊசி முனை தெரிந்ததும் இழுப்பாள், இடம் தள்ளித் திருப்பிக் குத்துவாள். பேச்சு இல்லை. ஊசி இறங்கப் போகிறதென்றால் அவர் இரண்டு தட்டு தட்டுவார், சரியென்றால் அவள் ஒரு தட்டு. பத்து வருஷமாக அப்பாவும் மகளும் இப்படித்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு மெத்தைக்கு நாற்பது முடிச்சு.

மடத்துக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதும் மெத்தைக்குக் கீழிருந்துதான். நான் அப்போது அவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு தட்டு தட்டினார். பதில் தட்டு வரவில்லை. கீழிருந்து குரல் வந்தது.

"அப்பா, நான் மடத்துல சேரலாம்னு இருக்கேன்."

அவர் ஊசியைப் பிடித்தபடியே நின்றார். வெகுநேரம் கழித்து, முடிச்சை முடி என்றார். முடித்தாள். அன்றைக்கு மிச்சமிருந்த பதினேழு முடிச்சையும் போட்டு முடித்தார்கள். எனக்கு டீ கிளாசை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் பக்தியில்லாதவர் அல்லர். அதுதான் சிக்கல். தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு அவர் வீட்டில் ஜெபம் நடக்கும். நானும் போவேன். ஜெபம் முடிந்ததும் சூப் வரும் என்பதும் என் பக்திக்கு ஒரு காரணம். பரலோக மந்திரத்தை உரக்கச் சொல்வது அவர்தான். மகள் அந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து, கடவுளின் சித்தம் நடக்கட்டும் என்று வருகிற வரியில் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். முப்பது வருஷப் பஞ்சுத் தூசி, இருமல் வருவது நியாயம்தான். ஆனால் சரியாக அந்த வரிக்கு வரும். அடுத்த வரியில், அன்றாட அப்பத்தைக் கேட்கும்போது, தொண்டை சுத்தமாகிவிடும். அவர் மனைவி, எனக்கு அண்ணி, கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி மூடிக்கொள்வார்.

அண்ணி ஒரு நாள் காலை முழுக்க அழுதார். மத்தியானம் முகம் கழுவி, தையல் மெஷினில் உட்கார்ந்து மகளுக்கு வெள்ளை உடை தைக்கத் தொடங்கிவிட்டார். மெத்தைக்காரர் மெஷினின் முன்னால் போய் நின்று, கீழே படுத்து ஊசி வாங்க இனிமேல் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணி மிதியை நிறுத்தாமல் சொன்னார்.

"உங்களுக்கு வேண்டியது அவளா, அவ கையா? அதை முதல்ல சொல்லுங்க."

அவர் பஞ்சு அடிக்கப் போய்விட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். வருகிற பெண் தன் படுக்கையைத் தானே கொண்டுவர வேண்டும். மெத்தைக்காரர் மகளுக்கு மெத்தை தைத்தார், ஆள் உதவியே இல்லாமல். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இந்தப் பக்கம் குத்திவிட்டு, சுற்றி ஓடிப்போய் அந்தப் பக்கம் வாங்கி, மறுபடி ஓடி வந்து, இப்படி இரண்டு நாள். நான் உதவிக்கு வருகிறேன் என்றேன். முன்பு ஒருமுறை வந்து என் சட்டையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டதை நினைவுபடுத்தி அனுப்பிவிட்டார். மகள் போகிற அன்று தன் கைத்தோலை ஆணியில் காணோமென்று தேடினாள். அண்ணியும் தேடினார். கிடைக்கவில்லை.

போனாள். அவர் தினமும் வாசலைப் பார்த்தார். வாரம் ஆனது, மாதம் ஆனது. ஐந்தாவது மாதம் முடியும்போது மடத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வெள்ளை முக்காடு கொடுத்து மடத்துப் பெண்ணாக ஏற்றுக்கொள்கிறார்கள். தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்து கோவில் வாசலிலிருந்து பீடம்வரை நடத்திக் கூட்டிவந்து, அங்கே கையை விட்டுவிட வேண்டும். தகப்பன் இல்லையென்றால் அந்த இடத்தில் வேறொருவர். அடியில் மகள் தன் கையெழுத்தில், அப்பாவுக்கு மனசு வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம், பூட்டுக்கடைச் சித்தப்பா வரட்டும் என்று எழுதியிருந்தாள்.

மெத்தைக்காரர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் என் ஒரே கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பொத்தானுக்கும் துவாரத்துக்கும் நடுவில் நான்கு விரல் நான் இருந்தேன். சிரித்துக்கொண்டேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கையை நான் பிடித்தால் பிடித்ததாகாது, விட்டாலும் விட்டதாகாது. அந்தப் பெண் பீடத்தின் முன்னால் அரைகுறையாக நிற்பாள். அவருக்கோ மகள் மொத்தமாகவே போய்விடுவாள். கடிதம் வந்த அன்றிலிருந்துதான் அவர் தூங்கவில்லை.

முக்காட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை காலையில், என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பழைய பூட்டை எடுத்துத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"பூட்டு, ஒண்ணு சொன்னா என்னைக் கேவலமா நினைப்பியா?"

"ஏற்கெனவே நினைக்கிறதைவிட அதிகமாவா அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. மகளுடைய மெத்தைக்குள், தோள் வருகிற இடத்தில், அவளுடைய கைத்தோலைச் சுருட்டி, மெஷினில் அடிக்காத கட்டிப் பஞ்சால் சுற்றி வைத்துத் தைத்துவிட்டதாகச் சொன்னார். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தும். தூக்கம் வராது.

"அவ என்ன நினைப்பா? நமக்கு இங்க நிம்மதி இல்லையே, கடவுள் நம்மளை வேணாங்கிறார் போலன்னு நினைச்சுத் திரும்பி வந்துடுவான்னு பாத்தேன். பத்து நாள் தாங்க மாட்டான்னு கணக்குப் போட்டேன். ஆறு மாசமா அது மேல படுத்துக்கிட்டு, வரலைடா அவ."

நான் பூட்டை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். கடவுளின் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனிதர், அதுவும் முழ ஊசியால். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு வேண்டியதையெல்லாம் கடவுளுக்கு வேண்டியதாகச் சொல்லி நான் எத்தனை முறை ஜெபித்திருக்கிறேன் என்று வரிசையாக நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். போய் அதை எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய சின்ன வேனில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். எந்த வண்டியின் கதவையும் சாவியில்லாமல் நான் திறந்துவிடுவேன், ஓட்டத்தான் தெரியாது. வழியெல்லாம் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. மெத்தையைப் பரிசோதிக்க வந்திருக்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வதுதான் என்று அங்கே சொல்லப்போவதை ஒத்திகை பார்த்தார். பொய் சொல்லி ஒரு பாவத்தைத் திருத்தப் போகிறோமே என்றேன். அப்படியானால் நீயே பேசு என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மடத்துத் தலைவியை எல்லாரும் மதர் என்றார்கள். உயரமான அம்மா. கைகளில் தோட்டத்து மண். மெத்தையா, அது இங்கே இல்லை, மாடியில் இருக்கிறது என்றார். மகள் வந்த முதல் நாளே, இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த வயதான சிஸ்டர் ஒருவரின் மெல்லிய படுக்கையைப் பார்த்துவிட்டு, தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டாளாம். எங்கப்பா தைச்சது, இதைவிட நல்ல மெத்தை எங்கேயும் கிடைக்காது என்று சொன்னாளாம். அவள் கீழே பழைய தேங்காய்நார்ப் படுக்கையில் படுக்கிறாள்.

மெத்தைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மதர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

மாடி அறை சின்னது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, காற்றுக்குச் சாத்தி வைத்தும் ஆடுகிற ஜன்னல். வயதான சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவராம். எங்களைப் பார்த்த பார்வையிலேயே நான் ஏழாவது வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

"இதைத் தைச்சது நீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சிஸ்டர்."

"இடது தோள்கிட்ட ஒரு கட்டி இருக்கு."

"தெரியும் சிஸ்டர்."

யாரிடமும் சொல்லவில்லை என்றார். சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அந்தப் பெண் ஆசையாகக் கொடுத்தது.

"அது குத்தும்போதெல்லாம் முழிச்சுக்குவேன். முழிச்சுட்டா எனக்கு வேற என்ன வேலை? இதைத் தைச்சவருக்காக ஜெபிப்பேன். நல்ல வேலைக்காரர், ஓரமெல்லாம் பாத்தாலே தெரியுது. அந்த இடத்துல மட்டும் கை நடுங்கியிருக்கு. என்ன பாரமோ அவருக்குன்னு கேட்டுப்பேன். ஆறு மாசமா நடக்குது இது."

மெத்தைக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கை நடுங்கல சிஸ்டர். தெரிஞ்சுதான் வெச்சேன்."

முழுக்கச் சொன்னார். ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. அந்த அம்மா இடைமறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும், "அப்போ ஜெபம் சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கு" என்றார்.

இவருக்கு அதுவரை இல்லாத கோபம் அப்போது வந்தது. எனக்கு இருப்பது ஒன்று, அதைக் கடவுள் ஏன் கேட்க வேண்டும், அவருக்கு இல்லாத ஆட்களா என்று கேட்டார். அந்த அம்மா, கணக்கில் விடை தெரியாதபோது டீச்சர்கள் சாக்பீஸைப் பார்ப்பார்களே, அப்படித் தன் விரல்களைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாதுங்க. அவருக்கு என் வேலை தேவைப்படுதுன்னு நாப்பது வருஷம் நினைச்சிட்டிருந்தேன். இடுப்பு உடைஞ்சது. சரி, இனிமே என்னை விட்டுடுவார்னு பாத்தேன். விடல. தினமும் வந்து உக்காந்துக்கிறார். சில நாள் எனக்கே சலிப்பா இருக்கு, போங்களேன்னு சொல்லியிருக்கேன். போகல. வேலைக்காக இல்ல போலிருக்கு. என்னைத்தான் வேணும்னு இருந்திருக்கார் போலிருக்கு."

அண்ணியின் மெஷின் சத்தமும் அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியும் எனக்கு எங்கிருந்தோ கேட்ட மாதிரி இருந்தது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மகள் ஓடி வந்தாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஈரக்கை. அப்பா என்றாள், அதற்கு மேல் நின்றுவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் பிளேடை எடுத்து மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்தார். அந்த இடத்தைப் பிடித்திருந்த நான்கு முடிச்சுகளை அறுத்தார். கையை முழங்கைவரை விட்டு அந்தக் கட்டியை வெளியே எடுத்தார். சுற்றியிருந்த பஞ்சு அவிழ்ந்து கைத்தோல் தரையில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. எத்தனை மெத்தைக்குக் கீழே கிடந்தவள்.

"தூக்கம் வராமப் புரண்டா, கடவுள் என்னை வேணாங்கிறார்னு நினைச்சுப்பேன்னு பாத்தீங்களா?"

"ஆமா."

"அதுக்கு மெத்தை எதுக்குப்பா. கட்டியில்லாத படுக்கையிலயே தினமும் புரண்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில எந்திரிச்சதும் வீட்டுக்குப் போயிடலாமான்னு இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் மணி அடிச்சுடுறாங்க. உருளைக்கிழங்கு வந்துடுது."

வயதான சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கிறார் என்று நினைக்கிறேன். மெத்தைக்காரர் கேட்டார்.

"அவர் நிஜமாவே உன்னைக் கூப்பிட்டாராம்மா?"

"காதுல ஒண்ணும் கேக்கலப்பா. எனக்கு அவர் வேணும்னு இருக்கு. அவ்வளவுதான் தெரியும். அதை நானா வெச்சுக்கல." கையிலிருந்த தோலைக் காட்டினாள். "இந்த மாதிரிதான். யாரோ உள்ள வெச்சுத் தைச்சுட்டாங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்துது. நீங்க வெச்சதை எடுத்துட்டீங்க. இதை எடுக்க முடியலப்பா, நான் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

அவர் பஞ்சைக் கையாலேயே பிரித்து உதறி நிரப்பினார். உறையை மூடித் தைத்தார். அறுத்த நான்கு முடிச்சையும் மறுபடி போட வேண்டும். கட்டிலின் பலகைகளை நானும் அவரும் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தின் மேல் மெத்தையைக் கிடத்தினோம். மகள் கைத்தோலைக் கட்டிக்கொண்டு, வெள்ளை உடையோடு தரையில் படுத்துக் கீழே நகர்ந்து போனாள். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

இரண்டு தட்டு. ஒரு தட்டு. ஊசி இறங்கியது.

மூன்று முடிச்சு விழுந்தது. நான்காவதில் ஊசி பாதியில் நின்றுவிட்டது. அவர் அதன் தலையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, விடுங்க."

"விட்டுட்டேம்மா."

"விடல. இழுத்தா வரல."

நான் அவர் விரல்களைப் பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது. ஜன்னல் ஆடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு விரல்கள் திறந்தன. ஊசி கீழே போயிற்று, நூல் சரசரவென்று அதன் பின்னால் போயிற்று. முனை மறுபடி மேலே வந்ததும் வாங்கி இறுக்கி முடிச்சுப் போட்டார். மெத்தையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?"

பாதங்கள் அசையவில்லை. பிறகு பதில் வந்தது.

"பத்து மணிக்குப்பா. சித்தப்பாகிட்ட அந்தக் கோட்டு வேணாம்னு சொல்லிடுங்க."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. கோட்டின் பொத்தானை இடம் மாற்றித் தைத்து வைத்திருந்தேன்.

கிளம்புமுன் வயதான சிஸ்டர் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார். பரலோக மந்திரத்தைத் தொடங்கினோம். அந்த வரியில் மெத்தைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. இந்த முறை நிஜ இருமல். அறை முழுக்கப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. நாங்கள் நிறுத்திக் காத்திருந்தோம். அவர் இருமி முடித்து, கண்ணைத் துடைத்து, விட்ட இடத்திலிருந்து அந்த வரியைத் தனியாகச் சொன்னார். பிறகு எல்லாரும் தொடர்ந்தோம்.

வேனில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை. ஒரு நிமிஷம் என்றார். தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, பத்தொன்பது நாள் பாக்கியிருந்த குறட்டை முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான் ஓட்டத் தெரியாதவன். மடத்து வாசலில், மத்தியான வெயிலில், காற்று ஆட்டுகிற வேனில், அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சிஸ்டர் வந்து ரொட்டியும் அவித்த முட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அண்ணி போன் செய்தார். என்ன ஆச்சு, அவர் எங்கே என்று பதறினார்.

"தூங்குறார் அண்ணி."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எழுப்பாதீங்க தம்பி," என்றார்.